ஒரு பழைய பனியனும் கொஞ்சம் உப்பும்

உங்கள் வீட்டில் பேப்பர் டவல் இருக்கிறதா? இங்கிலீஷ் படங்களில் சமையலறைச் சுவரோரம் ஓர் உருளையில் தொங்குமே, சர்ரென்று கிழித்துக் கை துடைத்துக் குப்பையில் போடுவார்களே, அதுதான். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரொம்ப நல்லது. பரணிலோ பீரோவுக்கு அடியிலோ ஒரு பழைய வெள்ளைப் பனியன் கிடக்கும், அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் சமையல் மேடையை ஒரு பரிசோதனைச் சாலையாக மாற்றிவிடலாம்.

குழந்தைகளுக்கான வெளிநாட்டு அறிவியல் புத்தகங்களில் பாதிச் சோதனைகள் 'ஒரு பேப்பர் டவலை எடுத்துக்கொள்ளவும்' என்றுதான் தொடங்குகின்றன. திருப்பூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆறாவது படிக்கும் அவர்கள் பெண் அப்படி ஒரு புத்தகத்தோடு வந்து நின்றாள். "மாமா, இது எந்தக் கடையில வாங்கோணுமுங்க?"

"வாங்கவே வேண்டாம் கண்ணு. உங்க ஊரில் இதை மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளில் கழுத்துக்கும் கைக்கும் வெட்டும்போது விழுகிற துண்டுகள். கிலோ கணக்கில் விலை போகும். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. ஒர்க் ஷாப்பில் கிரீஸ் துடைக்கக் கொஞ்சம் போகும். மிச்சம் மறுபடி பஞ்சாகி, நூலாகி, வேறு அவதாரம் எடுக்கும். பேப்பர் டவலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. காகிதம் மரக்கூழிலிருந்து வருகிறது, பனியன் பருத்தியிலிருந்து. வேதியியல்காரர்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றே, செல்லுலோஸ். தண்ணீரைக் கண்டால் கட்டிக்கொள்கிற ஜாதி.

முதல் சோதனையிலேயே ஒரு முரண்டு. இதற்கு வெள்ளைப் பனியனோடு கொஞ்சம் காடா துணியும் வேண்டும். அதாவது நிட்டிங் மெஷினிலிருந்து வந்தபடியே, பிளீச்சிங் போகாத, லேசான பழுப்புத் துணி. திருப்பூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மற்றவர்கள் சுத்தம் செய்யாத, கொட்டையிலிருந்து நேராகப் பிரித்த பஞ்சை எடுத்துக்கொள்ளலாம். இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெள்ளைப் பனியன் சொட்டை உடனே குடித்துவிடும். காடா துணியின் மேல் அது தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக உட்கார்ந்திருக்கும்.

அதே பருத்திதானே, ஏன் இப்படி? பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது, ஆனால் தண்ணீரை வாசலிலேயே நிறுத்த அது போதும். போதாததற்கு, ஊசியில் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காகப் பின்னலாடை நூலுக்கு மெழுகு தடவியே அனுப்புவார்கள். காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவைத்து இந்த மெழுகையெல்லாம் எடுத்த பிறகுதான் துணிக்குத் தாகம் வருகிறது. தாகம் வந்தால்தான் சாயம் ஏறும்.

நாங்கள் சொட்டு விட்டு விளையாடிக்கொண்டிருந்ததைப் பெண்ணின் அப்பா பார்த்தார். "இதத்தானுங்க எங்க லேப்லயும் பண்ணுவாங்க. சொட்டு விட்டு, எத்தன செகண்டுல குடிக்குதுன்னு எண்ணி எழுதோணும்" என்றார். புத்தகத்தில் குழந்தை விளையாட்டாக இருப்பது அந்த ஊரில் வேலை. விநாடி கூடினால் துணி சரியாகச் சுத்தமாகவில்லை, மேலே சாயம் போட்டால் திட்டுத் திட்டாக வரும், ஆர்டர் திரும்பி வரும்.

சமையலறையில் செய்தால் விஞ்ஞானமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி கல்லூரி வாசலை மிதித்ததில்லை, மிதிக்க அப்போது பெண்களை விடவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் மேற்பரப்பு எண்ணெய் பட்டால் எப்படி மாறுகிறது என்று கவனித்து, ஒரு தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தார். சுமார் பத்து வருஷம் அளந்துவிட்டு 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி லார்ட் ராலேவுக்குக் கடிதம் எழுதினார். ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்ப, அதே வருஷம் பிரசுரமானது. மேற்பரப்பு விஞ்ஞானத்தில் இன்றைக்கும் அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு.

இரண்டாவது சோதனைக்கு இரண்டு டம்ளர் வேண்டும். ஒன்றில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கலர் பொடி கலக்குங்கள், கேசரிப் பவுடர் போதும். மற்றது காலி. பனியன் துணியில் ஒரு நாடா கிழித்து, ஒரு முனை நிறைந்த டம்ளரிலும் மறு முனை காலி டம்ளரிலும் இருக்குமாறு பாலம் போடுங்கள். போய் சீரியல் பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீர் துணியில் ஏறி, விளிம்பைத் தாண்டி, காலி டம்ளரில் இறங்க ஆரம்பித்திருக்கும். இரண்டிலும் மட்டம் சமமாகும் வரை இந்தப் பயணம் நடக்கும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, கரண்ட் கட்டும் இல்லை.

இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகள்தான் குழாய்கள். தண்ணீருக்குச் செல்லுலோஸைத் தொட ஆசை, தொட்டபடியே மேலே ஏறும், ஏறும்போது பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். அகல் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும், மழையில் நடந்தால் வேட்டி நுனியில் தொடங்கிய ஈரம் முழங்கால்வரை வருவதும், பழைய வீட்டுச் சுவரில் தரையிலிருந்து ஈரம் கிளம்புவதும் இதே சங்கதி. இந்தச் சுவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மூன்றாவது, பார்க்க அழகானது. இதற்குப் பனியனைவிடக் காகிதம் மேல். பேப்பர் டவலோ, ஹோட்டல் டிஷ்யூவோ, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. அடியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. காகிதத்தின் நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிடுங்கள், கோடு மூழ்கக் கூடாது. தண்ணீர் ஏறிக் கோட்டைத் தாண்டும்போது கறுப்பு பிரிய ஆரம்பிக்கும். நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், சில பேனாக்களில் மஞ்சள். ஒற்றைக் கறுப்பு என்று நினைத்தது ஒரு கூட்டணி. காகிதத்தோடு அதிகம் ஒட்டுகிற நிறம் பின்தங்கும், தண்ணீரோடு அதிகம் சேர்கிற நிறம் முந்தும்.

இதற்குக் காகித குரோமடோகிராஃபி என்று வாயில் நுழையாத பெயர். இதை 1944-ல் ஆய்வு முறையாக்கியவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? லீட்ஸ் நகரத்தில், கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில். லீட்ஸை இங்கிலாந்தின் திருப்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பனியனுக்குப் பதில் கம்பளி. ஆட்டு ரோமத்தில் என்னென்ன அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வழி தேடிய ஆர்ச்சர் மார்ட்டினுக்கும் ரிச்சர்ட் சிங்குக்கும், அதற்குக் கண்டுபிடித்த பிரிப்பு முறைக்காக 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது. துணிக்காரர் ஊரிலிருந்து ஒரு நோபல்.

சாயப்பட்டறைகளிலும் இதற்கு ஒரு தம்பி முறை உண்டு. சாயப்பொடி தனிச் சரக்கா, கலப்பா என்று சந்தேகம் வந்தால், ஈரமான வடிதாளின் மேல் ஒரு சிட்டிகையை ஊதுவார்கள். கலப்பு என்றால் வேறு வேறு நிறப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி.

நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் கருநீலம் எத்தனை தடவை துவைத்தாலும் போகாமல் இருப்பதற்குக் காரணம் ரியாக்டிவ் சாயங்கள். 1956-ல் ஐ.சி.ஐ. கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த வகை. பருத்தியின் மேல் படிந்துகொண்டு நிற்காமல், செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே செய்துகொள்ளும். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சிக்கல். தண்ணீரில் பருத்திக்கும் நெகடிவ் சார்ஜ், சாயத்துக்கும் நெகடிவ் சார்ஜ். ஒன்றையொன்று பார்த்தால் விலகும். நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் உப்பு. சாதாரண உப்போ, சோடியம் சல்ஃபேட் என்கிற கிளாபர் உப்போ. அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராம், 80 கிராம் என்று போடுவார்கள். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்ததும் தரகருக்கு வீட்டில் என்ன வேலை? சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு ஒரு சிட்டிகைகூடத் தங்காது. போட்டது போட்டபடி கழிவுத் தண்ணீரோடு வெளியே போய்விடும்.

"அந்தத் தண்ணிய வடிகட்டுனா உப்பு போயிடாதுங்களா மாமா?" என்று கேட்டாள் பெண். நல்ல கேள்வி. இதுதான் நான்காவது சோதனை. ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். நிறம் எதுவும் சேர்க்க வேண்டாம், ருசி பார்க்கப் போகிறோம். துவைத்த பனியனைப் பத்தாக மடித்து வடிகட்டுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள். கரிக்கும். இன்னும் பத்து மடிப்பு போடுங்கள். அப்போதும் கரிக்கும். கரைந்த உப்பு தண்ணீரைவிட்டு வராது. தண்ணீர் உப்பைவிட்டுப் போனால்தான் உண்டு.

அதையும் பார்த்துவிடலாம். டம்ளரில் உப்பை நிறையவே கரைத்து, பனியன் நாடா ஒன்றின் அடி நுனியை அதில் விட்டு, மறு நுனியை வெயில் படும் ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். தண்ணீர் ஏறும், காற்றில் ஆவியாகும், மறுபடி ஏறும். உப்பு ஏறும், ஆனால் அதற்கு ஆவியாகத் தெரியாது. நாடாவின் மேல் பாதி விறைத்துப் போய், வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். டம்ளரில் கலங்கல் இல்லாமல் கரைந்து கிடந்தது இப்போது கண்ணுக்கு முன்னால் கட்டியாக நிற்கும்.

சுவரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து வெள்ளையாக உப்பு பூப்பது இதனால்தான். வயலிலும் இதேதான். மண் என்பது நுண்ணிய சந்துகளால் ஆன பிரம்மாண்டமான பேப்பர் டவல். அடியில் உப்புத் தண்ணீர் இருந்தால், வெயில் மேலே இருந்து உறிஞ்ச உறிஞ்ச, மண் அதை ஏற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பறந்துவிடும். உப்பு, வேர் இருக்கிற மேல் மண்ணில் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்தால் என்ன? ஐந்தாவது சோதனை. மூன்று தட்டு, ஒவ்வொன்றிலும் நனைத்துப் பிழிந்த பனியன் துண்டு, அதன்மேல் இருபது பச்சைப்பயறு, மேலே இன்னொரு ஈரத்துண்டு. முதல் தட்டுக்கு நல்ல தண்ணீர். இரண்டாவதுக்கு ஒரு டம்ளருக்குக் கால் ஸ்பூன் உப்பு போட்ட தண்ணீர். மூன்றாவதுக்கு ஒரு ஸ்பூன் போட்டது. காயாமல் அதே அதே தண்ணீரைத் தெளித்து வாருங்கள். இதுவும் விளையாட்டில்லை. விதைப் பரிசோதனை நிலையங்களில் விதைகளை ஈரக்காகிதத்தில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று எண்ணித்தான் சான்று கொடுக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயரே 'ரோல் டவல்'.

மூன்றாம் நாள் திறந்து பாருங்கள். முதல் தட்டில் வால் முளைத்த கொண்டாட்டம். இரண்டாவதில் முளைப்பு இருக்கும், ஆனால் தாமதமாக, குட்டையாக. மூன்றாவது தட்டு மௌனமாக இருக்கும். பயறுக்கு நாலு பக்கமும் ஈரம், குடிக்கத்தான் முடியவில்லை. சுற்றியுள்ள உப்பு தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துவைத்துக்கொள்கிறது. நட்டநடுக் கடலில் மாட்டிக்கொண்டவனின் தாகம் அது.

இந்த மூன்றாவது தட்டு ஏக்கர் கணக்கில் விரிந்து கிடந்த கதை திருப்பூர்ப் பக்கத்தில் நடந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிற ஆறு நொய்யல். திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். அதே காலத்தில்தான் பனியன் ஏற்றுமதியும் எகிறியது. சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, அணையில் தேங்கியது. கொஞ்ச வருஷத்தில் ஓர் அதிசயம் நடந்தது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்டுத்தான் விவசாயிகளைப் பார்த்திருக்கிறோம். இங்கே, தயவுசெய்து விடாதீர்கள் என்று கேட்டார்கள். கிணறுகள் கரித்தன. பயிர் நின்ற மண்ணில் உப்பு நின்றது.

அப்போது பேப்பரில் வந்த படங்களில் எல்லாம் ஆறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடும். பார்த்தவர்கள் சாயத்தைத்தான் திட்டினார்கள். சாயமும் நல்லதில்லைதான். ஆனால் நிறத்தை எடுத்துவிட்டால் ஆறு சரியாகிவிடும் என்று நினைத்திருந்தால், நம் நான்காவது சோதனையைச் செய்து பார்க்கவில்லை என்று அர்த்தம். நிறமில்லாமல், பளிங்கு மாதிரி, அதே கரிப்போடு ஒரு தண்ணீர் ஓடமுடியும். அது புகைப்படத்தில் விழாது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை 2009-ல் சுப்ரீம் கோர்ட் வரை உறுதி செய்தார்கள். அதுவும் நடக்காமல் போகவே, 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். சாயமில்லாவிட்டால் ஊரில் அடுத்த மெஷின் ஓடாது. வேலை இழந்து பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களும் இந்த உப்புக் கணக்கில் சேர்த்திதான். ஆற்றங்கரை விவசாயி, ஆலைத் தொழிலாளி இரண்டு பேருமே உப்பைக் கரைத்தவர்கள் இல்லை.

பிறகு படிப்படியாக ஆலைகள் திறந்தன. ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் என்று பெயர். முதலில் நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைத் தின்ன வைப்பார்கள். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியே பெரும் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுவார்கள். நம் வீட்டு ஆர்.ஓ.வுக்குப் பெரியண்ணன். தண்ணீர் இந்தப் பக்கம் வரும், உப்பு அந்தப் பக்கம் நிற்கும். மிஞ்சிய கெட்டி உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பை எடுப்பார்கள். தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகும். ஜன்னல் கம்பியில் வெயில் சும்மா செய்த வேலையை, இங்கே விறகும் கரண்டும் கொட்டிச் செய்யவேண்டியிருக்கிறது. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சும், அதை மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கிவைத்துக் காவல் காக்க வேண்டும். உப்பை ஒழிக்க முடியாது, எங்கே வைப்பது என்று முடிவு செய்ய மட்டும் முடியும்.

இவ்வளவு செலவும் சட்டையின் விலையில் ஒட்டிக்கொள்ளவேண்டும். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் கொடுப்பவர் பீஸுக்கு சில சென்ட் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்போது, அவர் பேரம் பேசுவது இந்த உப்பையும் சேர்த்துத்தான். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டி-ஷர்ட்டுக்கு நாம் பேசுகிற பேரமும் ஒருவகையில் அதுவே. திருப்பூர் இதைச் செய்துகாட்டியது சின்ன விஷயமில்லை. ஆனாலும் மண்ணில் இருபது வருஷம் ஏறிய உப்பு ஒரு தீர்ப்பில் இறங்கிவிடாது. நல்ல மழை வருஷா வருஷம் பெய்து கழுவவேண்டும். மழை நாளில் நொய்யலில் நுரை பொங்குகிறது என்ற செய்தி இன்றைக்கும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்துபாருங்கள். மொத்தச் செலவு: பழைய பனியன் ஒன்று, ஸ்கெட்ச் பேனா ஒன்று, ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறு, நாலைந்து ஸ்பூன் உப்பு. குழந்தைகளையே எண்ண விடுங்கள், எழுத விடுங்கள். முதல் தட்டில் முளைத்த பயறைத் தாளித்துச் சாப்பிட்டுவிடலாம்.

மூன்றாவது தட்டுத் தண்ணீரை மட்டும் ரோஜாத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். எங்கே கொட்டுவது என்று குழந்தைகளிடமே கேளுங்கள். ஸிங்க்கில் ஊற்றலாம் என்பார்கள். அது எங்கே போகும் என்று கேளுங்கள்.